ஹார்லெமின் பதிப்பாசிரியர் வாலஸ் தர்மன்: ஒரு வாசகரின் திருத்தங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஹார்லெம் மறுமலர்ச்சியைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். 1920களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் திரண்ட கறுப்பின எழுத்தாளர்களுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இவ்வளவு இடம் ஒதுக்குவது அடிக்கடி நடப்பதில்லை. அதற்கு முதலில் என் நன்றி. லாங்ஸ்டன் ஹியூஸ், ஜோரா நீல் ஹர்ஸ்டன் ஆகிய இருவரைப் பற்றிய பகுதிகளில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் வாலஸ் தர்மனுக்கு அக்கட்டுரையில் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். ஹியூஸ் நடத்திய 'ஃபயர்!!' இதழில் அவர் எழுதினார் என்றும், தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டார் என்றும், குடியால் இளம் வயதிலேயே மறைந்தார் என்றும் அந்த ஒரு வாக்கியம் சொல்கிறது. முதல் இரண்டும் தவறு; மூன்றாவது பாதி உண்மை. இவற்றைத் திருத்துவதோடு, அந்தத் தலைமுறையின் எழுத்து அச்சேறியதில் இவருக்கு இருந்த பங்கையும் எடுத்துச் சொல்ல விரும்புவதால் கடிதம் சற்று நீள்கிறது, பொறுத்தருள வேண்டும்.

'ஃபயர்!!' இதழ் ஹியூஸ் நடத்தியது அன்று. 1926 நவம்பரில் 'இளைய நீக்ரோ கலைஞர்களுக்கான காலாண்டிதழ்' என்று அன்றைய வழக்கில் பெயர் சூட்டிக்கொண்டு வந்த அந்த முதல் இதழில், பதிப்பாசிரியர் வாலஸ் தர்மன் என்றும், அவருக்குத் துணை நின்றவர்கள் லாங்ஸ்டன் ஹியூஸ், குவெண்டலின் பென்னட், ரிச்சர்ட் புரூஸ், ஜோரா நீல் ஹர்ஸ்டன், ஆரன் டக்ளஸ், ஜான் டேவிஸ் என்றும் தெளிவாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. எழுவரும் ஆளுக்கு 50 டாலர் போடுவதாகப் பேச்சு, போட்டவர்கள் மூவர்தாம். இருந்தும் தர்மன் தாளிலோ அச்சிலோ சிக்கனம் பிடிக்கச் சம்மதிக்கவில்லை. ஆரன் டக்ளஸின் ஓவியங்களுக்கு ஈடு கொடுக்கும் உயர்ரகத் தாள்தான் வேண்டும், எழுத்துருவும் பக்க அமைப்பும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததையும், அச்சுச் செலவு ஏறத்தாழ 1,000 டாலரைத் தொட்டதையும் ஹியூஸே 1940-இல் வெளியான தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இதழின் விலை ஒரு டாலர். அன்றைய ஹார்லெமில் அது எளிதாக எடுத்துக் கொடுக்கும் தொகை இல்லை. விற்காமல் தங்கிய பிரதிகளை ஒரு வீட்டின் நிலவறையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் தீப்பிடித்து, 'நெருப்பு' என்று பெயர் வைத்துக்கொண்ட இதழ் நெருப்புக்கே இரையானது. கதையாக எழுதினால் மிகைப்படுத்தல் என்று எந்தப் பதிப்பாசிரியரும் அடித்துவிடுவார். அச்சகக் கடனுக்காக அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள் தர்மனின் சம்பளம் அவர் கைக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டது. இரண்டாவது இதழ் வரவில்லை. தமிழில் சிற்றிதழ்களின் வரலாறு தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்கு புதிதாக இராது.

கடன் யார் தலையில் விழுந்தது என்பதைப் பார்த்தாலே அது யாருடைய இதழ் என்பது விளங்கிவிடும். ஆனால் நான் வலியுறுத்த விரும்புவது வேறு. தர்மன் ஒரே ஓர் இதழை நடத்தித் தோற்றுப்போன இளைஞர் அல்லர். பதிப்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர். 1902 ஆகஸ்ட் 16 அன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில், கறுப்பினத்தவர் மிகச் சிலரே வாழ்ந்த, மார்மன் என்னும் சமயப் பிரிவினரின் அந்த நகரத்தில் பிறந்து, பெரும்பாலும் தாய்வழிப் பாட்டி எம்மா ஜாக்சனின் அரவணைப்பில் வளர்ந்தார். யூட்டா பல்கலைக்கழகத்திலும், பிறகு லாஸ் ஏஞ்சலஸில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார்; பட்டம் வாங்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் அஞ்சலகத்தில் வேலை பார்த்தபடியே கறுப்பினச் செய்தித்தாள் ஒன்றில் பத்தி எழுதினார். அஞ்சலகத்தில் உடன் பணியாற்றியவர்களில் ஒருவர் பிற்காலத்தில் கவிஞராகவும் நாவலாசிரியராகவும் பெயர் பெற்ற ஆர்னா பான்டெம்ப்ஸ். நியூயார்க்கில் நடப்பதை மேற்குக் கரையிலும் நடத்திக் காட்டலாம் என்று நம்பி 'அவுட்லெட்' என்ற இதழைத் தொடங்கினார். அது சில மாதங்களே நின்றது. 1925-இல் அவர் ஹார்லெமுக்கு வந்து இறங்கியபோது வயது 23. அதற்குள் ஓர் இதழைத் தொடங்கி, நடத்தி, மூடவும் செய்திருந்தார்.

மறு ஆண்டே ஏ. ஃபிலிப் ரண்டால்ஃபும் சாண்ட்லர் ஓவனும் நிறுவிய 'மெசஞ்சர்' மாத இதழில் ஆசிரியர் பொறுப்பு அவரிடம் வந்தது. ஹியூஸின் முதல் சிறுகதைகள் அச்சேறியது அங்கேதான். கதைக்குப் பத்து டாலர் சன்மானம். அக்கதைகளை வாங்கிக்கொண்ட தர்மன், இவை மிக மோசமான கதைகள், ஆனாலும் கிடைத்த மற்றவற்றைவிடத் தேவலை என்பதால் வெளியிடுகிறேன் என்று எழுதியதாக ஹியூஸ் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார். பதிப்பாசிரியராக தர்மனைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நண்பர் என்பதற்காகப் புகழவும் மாட்டார், பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பவும் மாட்டார். எல்லாவற்றையும் படித்து முடித்தவர், படித்த எல்லாவற்றிலும் குறை காணும் கூரிய மூளை கொண்டவர் என்று ஹியூஸ் அவரை வருணிக்கிறார். அந்தக் குறை காணும் கண் தர்மனின் சொந்த எழுத்தையும் விட்டுவைக்கவில்லை. கார்க்கியையும் தாமஸ் மன்னையும் போல் எழுத ஆசைப்பட்டு, தாம் வெறும் பத்திரிகை எழுத்தாளர்தான் என்று தமக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொண்டவர் அவர்.

இனி இரண்டாவது பிழை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பிழை இது. கடந்த காலத்து எழுத்தாளர் ஒருவருக்கு இன்றைய துணிவை அணிவித்துப் பார்க்கும்போது, அவர் உண்மையில் எந்த நெருக்கடிக்குள் இருந்து என்ன செய்தார் என்பது மறைந்துவிடுகிறது. தர்மன் தம்மை எங்கேயும் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்துக்கொள்ளவில்லை. அறிவிக்காதது மட்டுமின்றி, எழுத்திலேயே மறுத்திருக்கிறார். நியூயார்க்குக்கு வந்த புதிதில், கையில் காசில்லாத நிலையில், 135ஆம் தெரு சுரங்க ரயில் நிலையக் கழிவறையில் வேறோர் ஆணுடன் இருந்தபோது, மறைந்திருந்த சாதாரண உடைக் காவலர்கள் அவரைக் கைது செய்தார்கள். பொய்ப் பெயரும் பொய் முகவரியும் கொடுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தோடு அவர் வெளியே வந்தார். இந்த விவரங்கள் நமக்குத் தெரிவதே 1929-இல் நண்பர் வில்லியம் ஜோர்டன் ராப்புக்கு தர்மன் எழுதிய கடிதத்தின் வழியாகத்தான். அந்தக் கடிதத்தை எழுத வேண்டிய நிலை அவருக்கு ஏன் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 1928 ஆகஸ்டில் லூயிஸ் தாம்ப்சன் என்ற பெண்ணை மணந்துகொண்ட அவருடைய இல்வாழ்க்கை சில மாதங்களிலேயே முறிந்து, பிரிவு வழக்கறிஞர்களின் கைக்குப் போயிருந்தது. பழைய கைது விவகாரம் பேரம் பேசும் ஆயுதமாகிவிட்டது. ஹார்லெமில் ஒரு கூட்டம் இந்தச் செய்தியை எவ்வளவு ருசித்துப் பரப்பியது என்பதையும், வதந்தி ஒன்று கிளம்பிவிட்டால் அதற்குமேல் சான்று எதுவும் தேவைப்படுவதில்லை என்பதையும் அக்கடிதத்தில் கசப்போடு எழுதுகிறார். தாம் அப்படிப்பட்டவர் அல்லர் என்பதுதான் அதில் அவர் எடுக்கும் நிலை. பல பத்தாண்டுகள் கழித்து, வரலாற்றாசிரியர் ஒருவர் கேட்டபோது, அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவே இல்லை, என்னிடமாவது ஒப்புக்கொண்டதில்லை என்றுதான் லூயிஸும் சொன்னார்.

கைது செய்யும் சட்டமும், காதோடு காதாகப் பேசும் தெருவும், இனத்தின் மானம் உங்கள் நடத்தையில்தான் இருக்கிறது என்று சொல்லும் பெரியவர்களும் ஒருசேரச் சூழ்ந்திருந்தபோது ஒரு மனிதர் தமக்குப் போட்டுக்கொண்ட முகமூடியை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. அதை இல்லாததாக்கிவிடவும் கூடாது. ஏனென்றால், தம் பெயரில் சொல்ல முடியாததை தர்மன் வேறொருவர் பெயரில் அச்சேற்றினார். அதுதான் இவருடைய வாழ்க்கையிலேயே துணிவான செயல் என்பது என் எண்ணம். அதை அவர் எழுத்தாளராக இருந்து செய்யவில்லை, பதிப்பாசிரியராக இருந்து செய்தார்.

நான் குறிப்பிடுவது 'ஃபயர்!!' இதழில் வெளியான 'ஸ்மோக், லில்லீஸ் அண்ட் ஜேட்' என்ற கதையை. எழுதியவர் ரிச்சர்ட் புரூஸ் நியூஜென்ட். அப்போது வயது 20. வாஷிங்டனில் இருந்த குடும்பத்துக்குச் சங்கடம் வரக்கூடாதென்று குடும்பப் பெயரை விட்டுவிட்டு ரிச்சர்ட் புரூஸ் என்று மட்டும் போட்டுக்கொண்டார். முற்றுப்புள்ளி வைத்து வாக்கியத்தை முடிக்க மனமில்லாத நடை; பக்கம் முழுவதும் தொடர்புள்ளிகள். அலெக்ஸ் என்ற இளைஞன் படுக்கையில் கிடந்தபடி, தந்தத்தில் செய்து பச்சைக்கல் பதித்த குழாயில் சிகரெட்டைச் செருகி, நீலப் புகையை ஊதிக்கொண்டு யோசிக்கிறான். இரவுத் தெருவில் நெருப்புக் கேட்டு வந்த ஒருவனோடு வீடு திரும்புகிறான். அவனுக்கு 'அழகு' என்று பெயர் வைக்கிறான். ஒருவன் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரே நேரத்தில் காதலிக்க முடியும் என்ற முடிவுக்கு வருகிறான். கடைசியில் 'தொடரும்' என்று போட்டிருக்கும். அமெரிக்கக் கறுப்பின எழுத்தில் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதலை ஒளிக்காமல் பேசிய முதல் அச்சேறிய கதை இது என்பது இலக்கிய வரலாற்றில் இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பாஸ்டன் நகரில் இதழ் தடை செய்யப்பட்டால் விற்பனை கூடும் என்று கணக்குப் போட்ட நியூஜென்டும் தர்மனும், தன்பாலீர்ப்பைப் பற்றி ஒருவரும் விலைமகளைப் பற்றி ஒருவரும் எழுதுவது என்று முடிவு செய்து, யார் எதை எழுதுவது என்பதற்கு நாணயம் சுண்டிப் பார்த்தார்கள் என்று நியூஜென்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தர்மனுக்கு விழுந்தது விலைமகள். அதில் பிறந்ததுதான் அதே இதழில் உள்ள 'கோர்டீலியா தி குரூட்'. நாணயம் மறுபக்கமாக விழுந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பது கட்டுரையில் இடம்பெறாதது பெருங்குறை. வெள்ளையர் உலகம் அந்த இதழைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவே இல்லை; வாங்கிக் கட்டிக்கொண்டது கறுப்பினப் பெரியவர்களிடம்தான். பால்டிமோரின் 'ஆஃப்ரோ-அமெரிக்கன்' செய்தித்தாளின் மதிப்புரையாளர், 'ஃபயர்' முதல் இதழை இப்போதுதான் தீயில் போட்டேன் என்று எழுதினார். அதைவிட நுட்பமான கண்டனம் ஆலன் லாக்கிடமிருந்து வந்தது. 1925-இல் 'தி நியூ நீக்ரோ' தொகுப்பை வெளியிட்டு இந்த இளைஞர்களையெல்லாம் உலகுக்கு அறிமுகம் செய்தவர் அவர். தன்பாலீர்ப்புக்காகச் சிறை சென்ற ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டையும் ஓவியர் பியர்ட்ஸ்லியையும் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனிடம் திரும்பிப் போயிருந்தால் இவர்களுக்கு நல்ல பிடிமானம் கிடைத்திருக்கும் என்ற பொருளில் அவர் எழுதினார். லாக்கும் ஆண்களை நேசித்தவர்தாம் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். வைல்டா விட்மனா என்ற அந்த விவாதத்தில், இதை எவ்வளவு தூரம் வெளியே சொல்லலாம் என்ற இரண்டு தலைமுறைகளின் பிணக்கும் அடங்கியிருந்தது. தர்மன் இதற்காக அவரைப் பகைத்துக்கொள்ளவில்லை. 1928 நவம்பரில் 'ஹார்லெம்' என்ற மற்றோர் இதழைக் கொண்டுவந்தபோது, எல்லாத் தரப்பினரையும் உள்ளே அழைத்தார். லாக்கின் புகழ்பெற்ற கட்டுரை ஒன்று முதன்முதலில் வெளிவந்தது அதில்தான். அந்த இதழும் ஒன்றோடு நின்றது.

இடையில், 1929-ஐ அவருடைய பொற்காலம் என்று சொல்லலாம். பிப்ரவரியில், ராப்புடன் சேர்ந்து எழுதிய 'ஹார்லெம்' நாடகம் பிராட்வேயில் அரங்கேறி 93 முறை நடந்தது. 'கோர்டீலியா' கதைதான் அதற்கு விதை. வாடகைப் பணம் திரட்ட வீட்டிலேயே நுழைவுக் கட்டணம் வாங்கி நடத்தும் ஆட்டக் கொண்டாட்டமும், எண்சூதாட்டமும் மேடையேறியதைப் பார்த்த சிலர், நம் அழுக்கை வெள்ளையர் முன் துவைப்பதா என்று முகம் சுளித்தார்கள். அதே ஆண்டில் 'தி பிளாக்கர் தி பெர்ரி' நாவல் மக்காலே பதிப்பகத்திலிருந்து வெளியானது. பாட்டிக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல் அது. தங்கள் கட்டுரை இந்த நாவலின் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில், வெளிர்நிறக் கறுப்பினக் குடும்பத்தில் கருமையாகப் பிறந்துவிட்ட எம்மா லூ மார்கனின் கதை அது. வெள்ளையரின் வெறுப்பு அதில் ஓரமாகத்தான் வருகிறது. சொந்த வீட்டிலும், பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவியரிடையேயும், வேலை தேடிப் போகும் இடத்திலும், கறுப்பினத்தவரே கறுப்பை ஒதுக்கும் விதம்தான் மையம். தோல் வெளுக்கும் என்று நம்பி எம்மா லூ பாஷாணம் கலந்த வில்லைகளைத் தின்கிறாள். வயிற்றைப் புரட்டுகிறது, நிறம் மாறவில்லை. இதை எழுதியவரே நல்ல கருநிறம் கொண்டவர், அதற்காகச் சொந்த இனத்தாரிடமே வசை வாங்கியவர் என்பதால், தம் காயத்தைப் பெண்ணொருத்திமீது ஏற்றி எழுதினார் என்று விமர்சகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்னொன்றையும் அவர் அதே நூலில் ஒளித்து வைத்திருக்கிறார். எம்மா லூ உயிரையே வைத்திருக்கும் ஆல்வாவின் அறைக்கதவை நாவலின் இறுதியில் அவள் திறக்கும்போது, அவன் குடிபோதையில் ஓர் இளைஞனைத் தழுவியபடி படுக்கையில் கிடக்கிறான். ஒரு பத்திகூட விளக்கம் இல்லை. அவள் பெட்டியைக் கட்டத் தொடங்குகிறாள். அதே 1929-இல்தான் ராப்புக்கு அந்த மறுப்புக் கடிதமும் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கங்களைப் படித்தால், அவை வேறு கனத்தோடு தெரிகின்றன.

இரண்டாவது நாவலான 'இன்ஃபன்ட்ஸ் ஆஃப் தி ஸ்பிரிங்' 1932-இல் வந்தது. மேற்கு 136ஆம் தெருவில் 267ஆம் எண் வீட்டில் தர்மனும் நண்பர்களும் குடியிருந்த காலத்தை அப்படியே எடுத்து, எல்லோருக்கும் மாற்றுப் பெயர் சூட்டிக் கிண்டலடித்த நூல். ஹர்ஸ்டன், ஹியூஸ், லாக் எல்லோரும் அதில் அகப்பட்டுக்கொள்கிறார்கள், தர்மனும் தப்பவில்லை. நாவலாக அதை என்னால் முழுதாகப் பாராட்ட முடியாது. பக்கம் பக்கமாக விவாதம்; பாத்திரங்கள் மூச்சுவிடாமல் பேசுகிறார்கள்; கதை நகரச் சோம்புகிறது. ஆனால் அதன் முடிவை மட்டும் மறக்க முடிவதில்லை. நியூஜென்டின் சாயலில் படைக்கப்பட்ட பால் ஆர்பியன், சிவப்புப் பட்டங்கியை உடுத்தி, தலையில் துணி சுற்றி, குளியல் தொட்டியில் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு சாகிறான். தன் நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தரை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறான். மரணத்தின் பரபரப்பில் நூல் வெளியாகிவிடும் என்பது அவன் கணக்கு. தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர், பென்சிலால் எழுதியிருந்த அத்தனை பக்கங்களையும் அழித்துவிடுகிறது. படிக்கக் கிடைப்பது தலைப்புப் பக்கமும் ஒரு கோட்டோவியமும்தான். பிரதிகளைப் படித்துத் தேர்வு செய்யும் வேலையை அன்றாடம் செய்துகொண்டிருந்த ஒருவரால்தான் இப்படி ஒரு முடிவை எழுத முடியும் என்று நான் நினைக்கிறேன்.

இவர் அந்த வேலையைச் செய்த இடமும் மக்காலே பதிப்பகம்தான். பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்பவராகச் சேர்ந்து, 1930களின் முற்பகுதியில் அங்கே தலைமைப் பதிப்பாசிரியராக உயர்ந்தார். வெள்ளையர் நடத்திய நியூயார்க் பதிப்பகம் ஒன்றில் கறுப்பினத்தவர் அந்த நாற்காலியில் அமர்வது அன்று மிக மிக அரிது. ஹார்லெம் மறுமலர்ச்சியைப் பற்றிப் பேசும்போது புரவலர்களையும் பரிசுகளையும் விருந்துகளையும் விரிவாகச் சொல்லும் கட்டுரைகள், பதிப்புத் தொழிலின் உள்ளே நுழைந்து இடம்பிடித்த இவரைக் கடந்து போய்விடுவது எனக்கு விளங்காத விஷயம். வயிற்றுப் பாட்டுக்காகப் பரபரப்பு இதழ்களில் புனைபெயர்களில் எழுதிக் குவித்ததும் உண்டு. அதைப் பற்றி அவருக்கே பெருமை இருக்கவில்லை.

இனி குடியைப் பற்றி. அவர் கடுமையாகக் குடித்தார் என்பதை நண்பர்கள் எல்லோருமே பதிவு செய்திருக்கிறார்கள். அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் உயிரைப் பறித்தது காசநோய். 1934-இல் ஹாலிவுட்டுக்குச் சென்று இரண்டு திரைக்கதைகளை எழுதினார். அவற்றுள் ஒன்றான 'டுமாரோஸ் சில்ட்ரன்', அரசு கட்டாயமாகச் செய்யும் கருத்தடையை எதிர்த்த படம்; நியூயார்க்கின் தணிக்கையாளர்கள் அதைத் தடை செய்தார்கள். உடல் மேலும் சீர்கெட்டு நியூயார்க் திரும்பியவர், வெல்ஃபேர் தீவில் இருந்த நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆப்ரஹாம் ஃபர்மனோடு சேர்ந்து 1932-இல் எழுதிய 'தி இன்டர்ன்' நாவலில் எந்த மருத்துவமனையின் சீர்கேடுகளைத் தோலுரித்தாரோ, அதே மருத்துவமனையில்தான் மாதக்கணக்கில் கிடந்து அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள்களுக்கு முன் இறந்தார். வயது 32. அடுத்த சில நாள்களிலேயே ஹார்லெமின் இன்னொரு நாவலாசிரியரான ருடால்ஃப் ஃபிஷரும் மறைந்தார். 'குடியால் மறைந்தார்' என்று முடித்துவிட்டால் வறுமை, காசநோய், ஏழைகளுக்கான மருத்துவமனை ஆகிய மூன்றும் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகின்றன. தனிமனிதரின் ஒழுக்கக்கேடு மட்டும் மிஞ்சுகிறது. அவர் காலத்துப் பெரியவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதும் ஏறத்தாழ அதுதான்.

தர்மனைத் தன்பாலீர்ப்பாளர்களின் இலக்கிய வரலாற்றில் சேர்ப்பதை நான் மறுக்கவில்லை; சேர்த்தே ஆக வேண்டும். அதற்கான சான்றை அவர் தந்த வாக்குமூலத்தில் தேடினால் கிடைக்காது. அவர் கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பிய பக்கங்களில் கிடைக்கும். 1982-இல் தாமஸ் வர்த் 'ஃபயர்!!' இதழை முதல் அச்சின் வடிவிலேயே மறுபதிப்புச் செய்தபோது அந்தப் பக்கங்கள் மீண்டும் வாசகர் கைக்கு வந்தன. அம்ரித்ஜித் சிங்கும் டேனியல் ஸ்காட்டும் தொகுத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2003-இல் வெளியிட்ட தர்மனின் எழுத்துத் தொகுப்பில், அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறாத கட்டுரைகளும் கடிதங்களும் இருக்கின்றன. ராப்புக்கும் ஹியூஸுக்கும் எழுதிய கடிதங்களை ஒருமுறை படித்துவிட்டால், ஒரு வரியில் இவரை முடித்துவிடும் துணிவு யாருக்கும் வராது.

தங்கள் கட்டுரையாளர் மீது எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. பரந்த பொருளைக் குறுகிய இடத்தில் அடக்க வேண்டியிருந்த நெருக்கடி புரிகிறது. ஆயினும் மாணவர்களும் ஆய்வாளர்களும் தங்கள் ஞாயிறு இணைப்பை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வதுண்டு என்பதால், 'ஃபயர்!!' இதழின் பதிப்பாசிரியர் வாலஸ் தர்மன் என்பதையும், அவர் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்துக்கொண்டதில்லை என்பதையும், அவர் இறந்தது காசநோயால் என்பதையும் அடுத்த இணைப்பின் பிழைதிருத்தத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'தி பிளாக்கர் தி பெர்ரி' நாவலின் ஓர் அத்தியாயத்தையேனும் தக்க மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு வெளியிட முடியுமானால், எம்மா லூ ஹார்லெமில் வேலையும் வாடகை அறையும் தேடி அலையும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்